சிவகாசி காமிக்ஸ் மீண்ட கதையும் தாள் மீதான வரியும்

2012 ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியையொட்டி, சிவகாசியிலிருந்து ஒரு காமிக்ஸ் இதழ் வெளிவந்தது. பெயர் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’. விலை நூறு ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டுகளில் லயன், முத்து காமிக்ஸ் இதழ்கள் எப்போது வரும், வருமா என்பதே வாசகருக்குத் தெரியாத நிலை இருந்தது. வெளியீடுகள் சுருங்கி, ஏறத்தாழ ஓய்ந்துவிட்டதாகவே பலரும் கருதிய அந்தச் சிறு பதிப்பகம் அன்று தொடங்கிய இரண்டாம் வாழ்வு இன்றும் தொடர்கிறது. 2022இல் முத்து காமிக்ஸ் ஐம்பது ஆண்டுகளையும், 2024இல் லயன் காமிக்ஸ் நாற்பது ஆண்டுகளையும் எட்டின.

நின்றுபோன இதழ்கள் மீண்டும் தொடங்கப்படுவது தமிழில் புதிதன்று. தொடங்கி ஓராண்டுக்குள் மறுபடியும் நின்றுவிடுவதே வழக்கம். பெரும் மூலதனமோ, விளம்பர வருவாயோ, அரசு ஆதரவோ இல்லாத ஒரு குடும்ப நிறுவனம் பத்தாண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பது எப்படி என்பது பொருளியல் மாணவர்கள் படிக்கத்தக்க ஒன்று. அதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2024 டிசம்பர் முதல் 2025 செப்டம்பர் வரை மத்திய அரசின் சில முடிவுகள் அஞ்சலையும் தாளையும் தொட்டன. அவற்றுள் எதுவும் காமிக்ஸைக் குறிவைத்து எடுக்கப்பட்டதில்லை. ஆயினும் இந்தப் பதிப்பகம் எந்தக் கால்களில் எழுந்து நின்றதோ, அவற்றின் மீதே அந்த முடிவுகளின் சுமை விழுகிறது.

பெட்டிக்கடைக் காலம்

முத்து காமிக்ஸை 1972இல் தொடங்கியவர் சௌந்தரபாண்டியன். பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் வந்த தொடரை ‘இரும்புக்கை மாயாவி’ என்று தமிழாக்கியது அதன் முதல் வெளியீடு. 1984இல் அவருடைய மகன் எஸ்.விஜயன், பதின்பருவத்தைத் தாண்டாத வயதிலேயே லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வந்தது. முகமூடி வீரர் மாயாவியையும் மாண்ட்ரேக்கையும் அறிமுகப்படுத்திய டைம்ஸ் ஆப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதலே களத்தில் இருந்தது.

அன்றைய வணிகமுறை எளிமையானது. விலை மிகக் குறைவு, பிரதிகள் மிக அதிகம். பள்ளிக்கூடத்துக்கு எதிரேயுள்ள பெட்டிக்கடையிலும், பேருந்து நிலையக் கடையிலும், ரயிலடியிலும் இதழ் தொங்கும். சிறுவன் கையிலிருக்கும் சில்லறைக்கு அது கிடைக்கும். இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு முகவர். இதழ் அவருக்குக் கடனாகப் போகும். விற்றபின் பணம் வரும். விற்காதவை திரும்பி வரும். சில நேரம் பணமும் வராது, பிரதியும் வராது. ஆயிரக்கணக்கில் விற்கும் காலத்தில் இந்த இழப்பைத் தாங்கிக்கொள்ள முடிந்தது.

தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்து, 1990களில் செயற்கைக்கோள் அலைவரிசைகளும் பெருகியபோது, சிறுவர்களின் மாலை நேரம் வேறிடம் போயிற்று. இந்திரஜால் 1990இல் நின்றது. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. இரண்டுமே பெரிய செய்தித்தாள் குழுமங்களின் வெளியீடுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பணவலிமையும் விநியோக வலையும் கொண்டவை நின்றுபோயின; சிவகாசியின் சிறு நிறுவனம் தடுமாறி விழுந்து மீண்டும் எழுந்தது. பெரிய குழுமத்துக்குக் காமிக்ஸ் பல பொருள்களில் ஒன்று, கணக்கு ஒத்துவராவிட்டால் மூடிவிடலாம். சிறு நிறுவனத்துக்கு அதைவிட்டால் வேறில்லை. ஆகவே கணக்கையே மாற்ற வேண்டியதாயிற்று.

கணக்கு எப்படி மாறியது

ஒரு கற்பனைக் கணக்கைக் கொண்டு இதை விளக்கலாம். ஓர் இதழுக்கு வெளிநாட்டு உரிமைத் தொகை, மொழிபெயர்ப்பு, எழுத்துக் கோப்பு, பக்க வடிவமைப்பு, அச்சுத் தகடு ஆகியவற்றுக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். ஒரு பிரதி அச்சிட்டாலும் இருபதாயிரம் அச்சிட்டாலும் இந்தச் செலவு மாறாது. தாள், மை, கட்டுமானம் என ஒவ்வொரு பிரதிக்கும் கூடுதலாக 40 ரூபாய் ஆகிறது. 20,000 பிரதிகள் விற்றால் ஒரு பிரதியின் அடக்கவிலை 50 ரூபாய். 2,000 பிரதிகள் மட்டுமே விற்கும் என்றால் அது 140 ரூபாய்.

இது முதற்படிதான். அந்த 2,000 பிரதிகளையும் பழைய முறையில் கடைகள் வழியே விற்பதானால், கடைக்காரருக்கு 35 விழுக்காடு கழிவு தர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நட்டமின்றி விற்கும் விலை ஏறத்தாழ 215 ரூபாய். நான்கில் ஒரு பங்கு விற்காமல் திரும்பினால் அது 287 ரூபாய் ஆகிவிடும். விலை ஏற ஏற வாங்குவோர் குறைவர். வாங்குவோர் குறையக் குறைய விலை மேலும் ஏறும். சிற்றிதழ்களும் சிறு பதிப்பகங்களும் சிக்கி மாளும் சுழல் இது.

2012க்குப் பிறகு லயன்-முத்து இந்தச் சுழலைவிட்டு வெளியேறிய வழி சந்தாவும் முன்பதிவும். அந்த ஆண்டுக்கான வெளியீடுகள் எவை, விலை என்ன என்பதை முன்கூட்டியே அறிவிப்பது. வாசகர் பணத்தை முன்னரே செலுத்துவது. இதழை நேரே அவர் வீட்டு முகவரிக்கு அனுப்புவது. கடைகளில் விற்பனை அறவே நின்றுவிடவில்லை. ஆனால் நிறுவனம் அதை நம்பி அச்சிட வேண்டிய கட்டாயம் குறைந்தது. முன்பணம் பதிப்பகத்துக்கு வட்டியில்லா நடைமுறை மூலதனம். எத்தனை பிரதி அச்சிடலாம் என்பதை அச்சேற்றும் முன்பே அது சொல்லிவிடுகிறது. கழிவும் இல்லை, திரும்பி வரும் கட்டுகளும் இல்லை. மேற்சொன்ன கற்பனைக் கணக்கில் 287 ரூபாய்க்கும் 140 ரூபாய்க்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தமிழ்ப் பதிப்புலகுக்கு இது புதுமுறையும் அன்று. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவரும் முன்பே கையொப்பக்காரர்களைத் திரட்டினார். வாங்குவதாக உறுதியளித்தவர்களின் பட்டியலே தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் பிணை. சந்தையில் ஒரு நூலுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாதபோது, அவர்களை முதலில் எண்ணிவிட்டுப் பிறகு அச்சிடுவதே அறிவுடைய வழி. சிவகாசியில் நடந்தது அந்தக் கையொப்ப முறையின் மறுவருகை.

வாசகர் முன்பணம் தருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருள் அவர் மதிக்கும் தரத்தில் இருக்க வேண்டும். மங்கலான கருப்பு வெள்ளைத் தாளில் நூறு ரூபாய்க்கு யாரும் சந்தா கட்டமாட்டார். எனவே வழவழப்பான தாளும் முழு வண்ணமும் வந்தன. 2013 ஜனவரியில் 400 ரூபாய் விலையில் ‘முத்து நெவர் பிஃபோர் ஸ்பெஷல்’ வந்தது. ஒன்றரை ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் காமிக்ஸ் வாங்கிப் பழகிய சமூகத்தில் இது துணிவான விலை. பழைய பிரிட்டிஷ் நாயகர்களோடு நிற்காமல் பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலியப் படைப்புகளும் முன்னிலைக்கு வந்தன. லக்கி லூக், டெக்ஸ் வில்லர், ‘இரத்தப் படலம்’ போன்றவை ஐரோப்பியச் சித்திரக்கதை மரபின் முதல்வரிசைப் படைப்புகள். சிவகாசியின் ஆப்செட் அச்சுத்திறன் பக்கத்திலேயே இருந்ததும் இந்த மாற்றத்துக்கு உதவிற்று.

மூடிய வட்டம்

இந்த வெற்றியிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. முன்பணம் தருபவர் யார்? முன்பே அந்தக் கதைகளை அறிந்தவர். சிறுவயதில் பெட்டிக்கடையில் மாயாவியை வாங்கியவர், இன்று சம்பாதிப்பவராக, தன் இளமையின் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளும் விருப்பத்தோடு ஆண்டுச் சந்தா கட்டுகிறார். புத்தகக் காட்சிகளில் லயன்-முத்து கடையின் முன் நான் பார்த்த கூட்டத்தில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்த ஆண்கள். தம் பிள்ளைகளைக் கையில் பிடித்து அழைத்து வந்தவர்களும் உண்டு. பிள்ளைகள் தாமாக எடுத்துப் புரட்டியது குறைவு.

பத்து வயதுச் சிறுவனோ சிறுமியோ ஆண்டுச் சந்தா கட்ட இயலாது. அவர்கள் ஒரு கதையைத் தற்செயலாகக் காண வேண்டும், கையிலுள்ள பணத்துக்கு அது கிடைக்க வேண்டும். பெட்டிக்கடை தந்தது அந்தத் தற்செயலைத்தான். சந்தா முறை பதிப்பகத்தைக் காப்பாற்றியது. ஆனால் புதிய வாசகர் உள்ளே வரும் கதவை அதனால் திறக்க முடியவில்லை. இன்றைய சந்தாதாரர்களுக்கு ஆண்டுதோறும் வயது ஏறுகிறது. அவர்களுடைய இடத்துக்கு வேறு எவரும் வராவிட்டால், இன்னும் இருபது ஆண்டுகளில் இந்தப் பதிப்பகம் மீண்டும் ஒருமுறை ஓயும். அப்போது மீட்டெடுக்க, இளமை நினைவோடு காத்திருக்கும் வாசகர்களும் இருக்கமாட்டார்கள்.

அஞ்சலும் வரியும்

இந்நிலையில்தான் அரசின் முடிவுகளைப் பார்க்க வேண்டும். நேரடிச் சந்தா என்றால் ஒவ்வொரு பிரதியும் அஞ்சலில் போக வேண்டும். அச்சிட்ட நூல்களுக்கென இருந்த மலிவான பதிவு நூல் அஞ்சல் வசதியை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. பதிப்பாளர்களும் வாசகர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2025 மே மாதம் முதல் ‘ஞான் போஸ்ட்’ என்ற புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய் என்ற கட்டணம் நியாயமானதே. சிக்கல் விதியில் உள்ளது. கல்வி நூல்களும், சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களும் தகுதி பெறும்; வணிக நோக்கிலான வெளியீடுகள் தகுதி பெறா.

ஒரு காமிக்ஸ் இதழ் இவற்றில் எது? பண்பாடா, வணிகமா? அதை முடிவு செய்வது அஞ்சலகச் சாளரத்தில் அமர்ந்திருக்கும் எழுத்தர். ஓர் ஊரில் ஏற்பார், மற்றோர் ஊரில் மறுப்பார். மறுத்தால் மிஞ்சுவது விரைவு அஞ்சலும் தனியார் கூரியரும். 2025 செப்டம்பர் முதல் பதிவு அஞ்சலே விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அவற்றின் கட்டணம் மிக அதிகம். அதன் மீது ஜிஎஸ்டியும் உண்டு. விலையில் பெரும் பங்கை அஞ்சலே விழுங்கும் என்றால், சந்தா முறையின் அடிப்படையான ஆதாயம் கரைந்துபோகும்.

அடுத்தது தாள். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில், பள்ளிக் குறிப்பேடுகளுக்கான தாளின் வரி நீக்கப்பட்டது, அது வரவேற்கத்தக்கது. ஆனால் நூல் அச்சிடும் தாளின் வரி 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. வண்ணச் சித்திரக்கதைக்குத் தேவையான பூச்சுத் தாளுக்கும் இதே நிலைதான்.

புத்தகத்துக்குத்தான் வரியே இல்லையே என்று பலர் கேட்கக்கூடும். இங்கேதான் வரியியலின் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. வரிவிலக்கு வேறு, பூஜ்ய வரி விகிதம் வேறு. பூஜ்ய விகிதத்தில் விற்பவர், தாம் வாங்கிய மூலப்பொருள்களுக்குக் கட்டிய வரியை அரசிடமிருந்து திரும்பப் பெறலாம். பிரிட்டனில் நூல்களுக்கு இந்த முறை. வரிவிலக்கில் விற்பவர் அப்படிப் பெற இயலாது. கட்டிய வரி அவருடைய செலவாகவே தங்கிவிடும். இந்தியாவில் நூல்களுக்கு அளிக்கப்பட்டிருப்பது வரிவிலக்கு. ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கும் பூஜ்ய விகிதம் பதிப்பாளருக்குக் கிடையாது. ஆகவே ‘வரியில்லாத’ புத்தகத்தின் விலைக்குள் தாளின் 18 விழுக்காடு வரி வெளியே தெரியாமல் அமர்ந்திருக்கிறது. பிஸ்கட் செய்பவர் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்கிறார். புத்தகம் செய்பவரால் அது முடியாது.

அளவை மிகைப்படுத்தவும் கூடாது. நம் கற்பனைக் கணக்கில் ஒரு பிரதிக்குத் தாள் 20 ரூபாய் என்றால், வரி உயர்வின் சுமை ஒரு ரூபாய் 20 காசு. மொத்தத் தாள் வரி மூன்று ரூபாய் 60 காசு. இதனால் மட்டும் எந்தப் பதிப்பகமும் மூடப்படாது. ஆனால் அஞ்சல் செலவோடு சேர்ந்து, சுருங்கிவரும் வாசகர் வட்டத்தின் மீது விழும்போது இதன் எடை கூடுகிறது. இரண்டில் அஞ்சலே உடனடிக் கவலை. வரி நெடுநாள் அரிப்பு.

யாருக்காக இந்தக் கவலை?

வெளிநாட்டுத் துப்பறிவாளர்களும் குதிரை வீரர்களும் வரும் பொழுதுபோக்குக்காக மக்கள் வரிப்பணத்தை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. இங்கே கேட்கப்படுவது மானியம் அன்று. மற்ற உற்பத்தியாளருக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரிக் கழிவைப் பதிப்பாளருக்கும் தருவது சமநீதி மட்டுமே. மேலும், வாசிப்பு என்பது பாடநூலிலிருந்து நேரே செவ்விலக்கியத்துக்குத் தாவுவதில்லை. இடையே ஒரு படி வேண்டும். இன்று ஐம்பது வயதிலிருக்கும் பல தமிழ் வாசகர்கள் தாமாக விரும்பிப் படித்த முதல் நூல் எது என்று கேட்டால், அம்புலிமாமாவையோ ஏதேனும் ஒரு காமிக்ஸையோ சொல்வார்கள். தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்குப் படம் பொருளை ஊகிக்கத் துணைசெய்கிறது. அடுத்த கட்டத்தில் என்ன நடக்கும் என்ற ஆவல் அடுத்த வரியைப் படிக்கவைக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் படி அகலமாக இருக்கிறது. தமிழில் அது ஒற்றைப் பலகையாகிவிட்டது.

தமிழக அரசு இதை உணராமல் இல்லை. பள்ளிக் கல்வித் துறை 2022இல் மாணவர்களுக்காக ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களைத் தொடங்கியது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023இல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பகுதிகள் உண்டு. சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரியும் கட்டிவருகிறோம். இந்தக் கட்டமைப்பு, மறைந்துபோன பெட்டிக்கடையின் இடத்தை நிரப்ப முடியும்.

அதன் கணக்கு இது. 2,000 சந்தாதாரர்களோடு நூலகங்களும் பள்ளிகளும் 3,000 பிரதிகள் வாங்கினால், நாம் பார்த்த 140 ரூபாய் அடக்கவிலை 80 ரூபாயாக இறங்கும். நூலகத்துக்கும் மலிவு, சந்தாதாரருக்கும் மலிவு. கடையில் தொங்கவிடக்கூடிய விலையும் அதுதான். நூலக ஆணையில் ஆபத்துகளும் இல்லாமலில்லை. ஆணைக்காகவே நூல் தயாரிப்பது, சலுகை பெற்றவர்களுக்கே வாய்ப்புக் கிட்டுவது, பணம் வரத் தாமதமாவது ஆகியவை தமிழ்ப் பதிப்பாளர் அறிந்த துன்பங்கள். எனவே ஒரு வெளியீட்டை ஏற்கெனவே சொந்தப் பணத்தில் வாங்கும் வாசகர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தால் மட்டுமே நூலகம் வாங்கலாம் என்று ஒரு வரம்பு வைக்கலாம். சந்தாப் பட்டியலே தரச் சான்றாகட்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ‘ஞான் போஸ்ட்’ விதியில் சித்திரக்கதை உள்ளிட்ட அச்சிட்ட நூல்கள் அனைத்தும் தகுதியுடையவை என்று அஞ்சல் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். நூல்களை வரிவிலக்கிலிருந்து பூஜ்ய விகிதத்துக்கு மாற்றுவது சட்டத் திருத்தம் வேண்டுவது; அதுவரை நூலுக்கான தாளைக் குறிப்பேட்டுத் தாளோடு சேர்த்து வரி நீக்குமாறு ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழகம் வலியுறுத்தலாம். பதிப்பாளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சேகரிப்பாளருக்கான கெட்டி அட்டைப் பதிப்புகளோடு, சிறுவர்க்கென்று மெல்லிய, மலிவான, ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூடிய தனி வரிசையும் வேண்டும். அதில் தமிழ் ஓவியர்கள் தமிழ்நாட்டு ஊர்களை வரைந்த கதைகளுக்கும் இடம் வேண்டும். உரிமைத் தொகை வெளிநாட்டுக்குப் போகாமல் இங்குள்ள ஓவியரின் ஊதியமாகும்.

2012இல் ஒரு பதிப்பகத்தை எழுப்பி நிறுத்தியது வாசகர்கள் தந்த முன்பணம். அந்த வாசகர்கள் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டார்கள். அடுத்து பத்து வயதுக் குழந்தைகள் எத்தனை பேர் கையில் ஒரு தமிழ்ச் சித்திரக்கதை இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பதிப்பகத்தின் ஆயுள் அமையும். அந்த எண்ணிக்கையை உயர்த்துவது சந்தாதாரர்களால் மட்டும் ஆகாது. அஞ்சலகமும் நூலகமும் அதில் சேர வேண்டும்.